மத்தப் பக்கம்

உயிர் பிரிந்த மிஹ்லாரின் நாடியைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது கட்டிலின் கால்மாட்டில் கிடந்த றிமோட் விமானம் வாலை அசைத்தது.

ஜவுபரின் கை நின்றது. முடிச்சு அவிழ்ந்து மச்சானின் வாய் மெதுவாகத் திறந்துகொண்டது. கிர்க் என்றொரு சத்தம். வாலில் செங்குத்தாக நின்ற சுக்கான் ஒரு பக்கம் திரும்பி, கொஞ்சம் நின்று, நடுவுக்கு வந்தது. றிமோட்டை ஜவுபர்தான் மிஹ்லாரின் விரல்களைப் பிரித்து எடுத்து, அணைத்து, யன்னல் விளிம்பில் வைத்திருந்தான். அதன் சிவப்பு விளக்கு எரியவில்லை. அறையில் வேறு உயிர் இல்லை.

கிர்க்.

கீழே ரோட்டால் அதிரடிப்படையின் ட்ரக் ஒன்று இரைந்துகொண்டு போனது. சண்டை முடிந்துவிட்டதென்று ரேடியோவில் சொல்லி ஓர் இரவுதான் கழிந்திருந்தது. சந்திப் பக்கம் பட்டாசு வெடித்துக்கொண்டேயிருந்தது. ட்ரக் தூரப் போனதும் சுக்கான் ஓய்ந்தது. அப்போதுதான் தான் செய்த பிழை ஜவுபருக்கு விளங்கியது. மிஹ்லார் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். “நிப்பாட்டக்குள்ள முதல்ல பிளேன், பிறகுதான் றிமோட். மாறிச் செஞ்சியெண்டா அதுக்குச் சொந்தக்காரன் இல்லாமப் போயிரும். பிறகு அது ஆருட பேச்சையும் கேக்கும்.”

விமானத்தின் சுவிட்ச் அதன் வயிற்றுக்குள், இறக்கைக்கு அடியில் இருந்தது. இறக்கையை றப்பர் வளையங்கள் போட்டு இறுக்கியிருந்தான். அதைக் கழற்ற நேரமில்லை. பக்கத்து அறையில் அவனுடைய அக்கா ஜெமீலா பகல் நேரத்து லுஹர் தொழுகையை முடித்து ஸலாம் கொடுக்கும் சத்தம் கேட்டது. ஜவுபர் நாடிக்கட்டை மறுபடி போட்டு உச்சந்தலையில் முடிந்தான். கண்களை மூடினான். இடது கண் முழுதாக மூடவில்லை.

“ராத்தா,” என்றான். “இங்க வாங்க.”

அவன் இரவில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்பவன். படிப்பை இடையில் விட்டவன். பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் ராத்தாவின் வீட்டுக்கு வந்து மச்சானைப் பார்த்துக்கொண்டான். மிஹ்லாருக்கு ஈரல் போய்விட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய பிறகு, சுனாமி வீட்டுத் திட்டத்தின் மூன்றாம் மாடியில், கடல் பக்கம் யன்னல் உள்ள இந்த அறையில் படுத்திருந்தார். படுத்துக்கொண்டே விமானம் கட்டினார்.

டோஹாவில் ஏசி திருத்தும் வேலையில் இருந்தபோது வெள்ளிக்கிழமைகளில் பாலைவனத்துக்குப் போய் இப்படியானவற்றைப் பறக்கவிடும் ஆட்களோடு பழகியிருந்தார். கடல் வந்து மகள் றிப்னாவைக் கொண்டுபோனபோது ஊருக்கு வந்தார். அடக்குவதற்குப் பிள்ளையின் மையித்துக் கிடைக்கவில்லை. மறுபடி போனார். உடம்புக்கு முடியாமல் ஒரேயடியாக வந்தபோது பெட்டி நிறையக் கனமேயில்லாத பல்சாப் பலகை இருந்தது. றிமோட்டை விளையாட்டுக் கார் ஒன்றின் பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்தார். புலிகளின் விமானம் கொழும்புக்கு மேலால் பறந்த காலம் அது. அதிரடிப்படை கண்டால் அவரையும் விமானத்தையும் சேர்த்தே கொண்டுபோயிருக்கும்.

“இன்ஜின் எங்க மச்சான்?” என்று முதல் நாள் ஜவுபர் கேட்டான்.

“இன்ஜின் இல்ல.”

“பின்ன என்னத்தால பறக்கும்?”

“இது பறக்கிறல்ல. விழுறது. விழுந்து விழுந்தே போகும். கீழயிரிந்து காத்து மேல வந்தா விழுறது தெரியாது. அவ்வளவுதான்.”

“இதுல ஹஜ்ஜுக்குப் போகலாமா?”

“நான் போவன். உன்ன ஏத்தினா நெலத்த விட்டு எழும்பாது.”

பிறகு மிஹ்லாரின் கைகளில் பலம் குறையக் குறைய, ஜவுபரின் கைகள் அந்த வேலையைச் செய்தன. இறக்கையின் சட்டகங்களை வெட்டி ஒட்டியது அவன். பட்டம் கட்டும் மெல்லிய தாளை அதன் மேல் இழுத்து ஒட்டியதும் அவன்தான். கடல் காற்றின் ஈரத்தில் இறக்கை முறுக்கிக்கொண்டபோது, கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து ஆவியில் காட்டி, மிஹ்லார் ஒரு கண்ணை மூடிப் பார்த்து “இன்னும், இன்னும், காணும்” என்று சொல்லச் சொல்ல நிமிர்த்தினான். வால் பாரமாக இருந்தது. மீன்காரரிடம் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகள் வாங்கி மூக்குக்குள் ஒவ்வொன்றாகப் போட்டான். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல்நுனியை வைத்துத் தூக்கினால் விமானம் மூக்கும் தாழாமல் வாலும் தாழாமல் நிற்க வேண்டும். அப்படி நின்ற நாளன்று மிஹ்லார் சோறு கேட்டுச் சாப்பிட்டார்.

மிஞ்சியது சுக்கானைச் சரிபார்ப்பதுதான். அதிலேதான் ஜவுபர் ஒவ்வொரு நாளும் பிழைவிட்டான். மிஹ்லார் தலையணையில் சாய்ந்து றிமோட்டின் குச்சியைத் தள்ளுவார். சுக்கான் எந்தப் பக்கம் போகிறதென்று ஜவுபர் சொல்ல வேண்டும். அவன் எப்போதும் மூக்குப் பக்கம் நின்று, தன் கையை வைத்துச் சொல்வான்.

“உன்ட வலமில்லடா, மாடு. அதுட வலம். அதுக்குப் பின்னால நிண்டு பாரு. மத்தப் பக்கம்.”

“எல்லாம் ஒண்டுதானே மச்சான்.”

“உன்னப் பாத்து வரக்குள்ள வலம் இடமாப் போயிரும். ஆளுகள் விழுத்திறதே அந்த நேரத்திலதான். திரும்பி வரக்குள்ள.”

இன்று காலையில் மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஜெமீலா காதருகே குனிந்து லா இலாஹ இல்லல்லாஹ் என்ற கலிமாவை மெல்லச் சொல்ல, மிஹ்லாரும் சொன்னார். ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விளங்கியது. ஜெமீலா எழும்பி, அறையில் இருந்த எல்லாரையும் வெளியே அனுப்பினாள்.

“இனி ஒருத்தரும் அவரோட கதைக்கப்படா. அதுதான் கடசிக் கதையா இரிக்கட்டும்.”

அது எல்லாருக்கும் தெரிந்த ஒழுங்குதான். கலிமா சொன்னவரிடம் துன்யாவுடைய, இந்த உலகத்துக் கதை கதைத்து, அவரும் ஒரு வார்த்தை பேசிவிட்டால், போனது போனதுதான். மறுபடி கலிமாவை நினைவூட்ட வேண்டும். அவர் மறுபடி சொல்வாரென்று யாரால் உறுதி சொல்ல முடியும்?

ஜெமீலாவுக்கு அது ஒழுங்கு மட்டுமில்லை. கடல் வந்த நாளிலிருந்து அவள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். “என்ட புள்ளட வாயில உப்புத் தண்ணி. என்ன சொல்லிப் போனாளோ தெரியா.” சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கில்லை, அவள் சுவர்க்கத்துப் பிள்ளை என்று எத்தனை பேர் சொல்லியும் கேட்கவில்லை. புருஷனாவது வாயில் கலிமாவோடு போக வேண்டும், அப்போதுதான் பிள்ளை இருக்கிற இடத்துக்குப் போவார் என்று ஒரு முடிவோடு இருந்தாள்.

தொழப் போகும்போது ஜவுபரைத்தான் காவல் வைத்தாள். “வாயத் துறக்காத. சும்மா இரி.”

அவன் சும்மாதான் இருந்தான். மிஹ்லாரின் கண் கால்மாட்டில் கிடந்த விமானத்தை விட்டு நகரவில்லை. வலது பெருவிரல் படுக்கை விரிப்பின் மேல் அசைந்துகொண்டிருந்தது. குச்சியைத் தள்ளுகிற அசைவு. பார்க்கச் சகிக்கவில்லை. ஜவுபர் றிமோட்டைப் போட்டு அந்தக் கைக்குள் வைத்து, விமானத்தின் இறக்கையைக் கழற்றி அதன் சுவிட்சையும் போட்டு, இறக்கையை மறுபடி இறுக்கினான். பேசினால்தானே பிழை. விரல் தள்ளியது, சுக்கான் திரும்பியது. விரல் தள்ளியது, திரும்பியது. பிறகு மிஹ்லார் கண்ணை உயர்த்தி, புருவத்தால் கேட்டார். எந்தப் பக்கம்?

எத்தனையோ நாள் பழக்கம். வாய் தன்பாட்டில் திறந்துகொண்டது.

“வலம் மச்சான்.”

அவன் மூக்குப் பக்கம்தான் நின்றிருந்தான்.

மிஹ்லாரின் முகம் சுருங்கியது. “மத்தப் பக்கம்,” என்றார். மூச்சு ஒன்று வெளியே போனது. அடுத்தது உள்ளே வரவில்லை.

ஜெமீலா வந்து கணவனின் நெற்றியில் கை வைத்தாள். இன்னாலில்லாஹி சொன்னாள். அழவில்லை. நாடிக்கட்டைச் சரிபார்த்தாள், மூடாத கண்ணை விரலால் அழுத்திப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே, தம்பியின் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

“பிறகு ஒண்டும் கதைக்கல்லதானே?”

“இல்ல ராத்தா.”

“ஒரு சொல்லும்?”

“ஒரு சொல்லும்.”

கிர்க்.

“அதென்ன சத்தம்?”

“கட்டிலாயிரிக்கும்,” என்றான் ஜவுபர்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்குவதென்று முடிவானது. மிஹ்லாரின் அண்ணன் காலிதீன் காக்கா அக்கரைப்பற்றிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். நெல் வியாபாரி. தவ்ஹீத் என்ற சீர்திருத்தக் கூட்டத்தின் பக்கம் போன பிறகு கந்தூரி, பாத்திஹா எல்லாவற்றையும் விட்டவர். தம்பியின் விமானத்தைப் பார்த்து “ஆளுகள் ஆகிரத்துக்குக் கட்டுறாங்க, இவர் ஆகாயத்துக்குக் கட்டுறார்” என்று மறுமையை இழுத்துக் கேலி செய்தவர். இன்றைக்குத் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் நெடுநேரம் குலுங்கினார். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு எழும்பினார்.

“கலிமாவோடயா போன?”

“ஓம் காக்கா. காலத்தால சொன்னார். பிறகு கதைக்கவே இல்ல,” என்றாள் ஜெமீலா கதவுக்கு அப்பாலிருந்து. அவளுடைய குரலில் இருந்தது பெருமைதான். அதை வேறு பெயரால் சொல்ல முடியாது.

“அல்ஹம்துலில்லாஹ். இதுக்கு மேல என்ன வேணும்.” காலிதீன் அறையைச் சுற்றிப் பார்த்தார். “இந்தப் பிளேன எடுங்கடா. ரோடு முழுக்க ஆமி. கண்டானெண்டா மௌத்து வீட்டையே சுத்தி வளைப்பான்.”

ஜவுபர் அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பெண்கள் இருந்த உள்ளறை அலுமாரியின் மேல் வைத்தான். இறக்கையைக் கழற்ற முடியவில்லை. அங்கே கால் வைக்கவே இடமில்லை. திரும்பி வந்தபோது காலிதீன் மையித்தின் முகத்தை மக்காவை நோக்கிக் கிப்லாப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். கிப்லா மேற்கே. யன்னல் கிழக்கே. யன்னலுக்குள் கடல்.

அவர் கையை எடுத்ததும் முகம் மெல்ல, அவசரமில்லாமல், யன்னல் பக்கம் திரும்பியது.

“தலகாணி உசரம்,” என்றார் காலிதீன். தலையணையை எடுத்துவிட்டுத் திருப்பினார். மறுபடி யன்னல் பக்கமே முகம் வந்தது. துணியைச் சுருட்டி முட்டுக்கொடுத்தார். சுருட்டு நழுவி விழுந்தது. முகம் வந்தது.

“இவ்வளவு நாளும் கடலப் பாத்துக்கொண்டே படுத்த மனிசன்,” என்றார் வாசலில் நின்ற ஒருவர். “கழுத்து அப்பிடியே பழகிட்டு.”

இருக்கலாம். ஜவுபருக்கு அந்தக் கழுத்தைப் பார்க்க விருப்பமில்லை. முட்டுக்கொடுத்துப் பிடிக்கும்படி காலிதீன் சொன்னபோது பிடித்தான். கன்னம் இன்னும் சூடாக இருந்தது. உள்ளங்கையை அது தள்ளியது. பலமாக இல்லை. படுக்கையில் தூங்குகிற பிள்ளை புரளப் பார்ப்பதுபோல ஒரு தள்ளல்.

குளிப்பாட்டி முடியும் நேரம் உள்ளறையிலிருந்து ஆள் வந்தது. ராத்தா கூப்பிடுகிறாள்.

பெண்கள் விலகி வழிவிட்டார்கள். ஜெமீலா அலுமாரிக்கு முன்னால் பாயில் இருந்தாள். மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். சுக்கான் ஒரு பக்கம் போனது, நின்றது, நடுவுக்கு வந்தது.

“இது என்னத்துக்கு அசையுது?”

“ஆமிக்காரங்கட வயர்லெஸ் ராத்தா. அவங்க கதைக்கக்குள்ள இதுக்குள்ள பூந்திருது.”

“ஆமி போகாத நேரமும் அசையுதே.”

ஜவுபர் அலுமாரிக்குக் கிட்டப் போனான்.

“ஒரு பக்கமாத்தான் அசையுது,” என்றாள் ஜெமீலா. “நானும் பாத்துக்கொண்டே இரிக்கன். மத்தப் பக்கம் போகவே இல்ல.”

மத்தப் பக்கம். ஜவுபர் அவள் பக்கம் திரும்பினான். அவள் தற்செயலாகச் சொன்ன சொல்தான். ஊரில் எல்லாரும் சொல்கிற சொல். அவன் கதிரையை இழுத்துப்போட்டு ஏறினான். றப்பர் வளையங்களைக் கழற்றும்போது ஒன்று அறுந்து கையில் அடித்தது. இறக்கையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தான். சுவிட்சில் எந்தப் பக்கம் அணைப்பது என்ற எழுத்துத் தேய்ந்திருந்தது; பதற்றத்தில் அவனுக்கும் ஞாபகம் வரவில்லை. பற்றரியின் வயரையே பிடித்து இழுத்தான். வேலை செய்துகொண்டிருந்த சின்ன மோட்டர் பாதியில் நின்றது. சுக்கான் நடுவுக்கு வரவில்லை. திரும்பிய நிலையிலேயே நின்றுவிட்டது.

“இனி ஒண்டும் சொல்லாதா?” என்று கேட்டாள் ஜெமீலா.

“அது எப்ப ராத்தா சொன்ன?”

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று ஜவுபர் கதிரையில் நின்றபடியே காத்திருந்தான். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, “இறங்கு. விழுந்திராத,” என்றாள்.

படிக்கட்டு ஒடுக்கம். மையித்துப் பெட்டியான சந்தூக்கைச் செங்குத்தாகச் சாய்த்துத்தான் திரும்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் உள்ளே மையித்து ஒரு பக்கமாகச் சரிவதை ஜவுபர் தோளில் உணர்ந்தான். பள்ளிவாசலில் தொழுவித்தார்கள். மெயின் ரோட்டைக் கடக்கும்போது சோதனைச் சாவடியில் வெற்றிக்குக் கிண்டிய பாற்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த இளம் சிப்பாய் ஒருவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நின்றான். அவனுடைய இடுப்பில் வயர்லெஸ் கரகரத்துக்கொண்டிருந்தது. ஜவுபர் தோளில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தான்.

அடக்கம் செய்யும் மையவாடி கடற்கரையோரம். கடல் வந்தபோது பழைய கபுறுக் குழிகளையெல்லாம் கிண்டிப் போட்ட இடம். வெறும் மணல். பக்கம் சரியாமல் பலகை அடித்துத் தோண்டியிருந்தார்கள். காலிதீனும் ஜவுபரும் உள்ளே இறங்கினார்கள். மையித்தை வாங்கி வலப்பக்கமாகச் சாய்த்து, கபன் துணியின் முடிச்சுகளை அவிழ்த்து, கன்னத்தை மண்ணில் படவைத்தார்கள். மேலேயிருந்து ஈர மண் உருண்டைகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். ஒன்றைத் தலைக்குப் பின்னால் முட்டாக வைக்க ஜவுபர் குனிந்தான். உள்ளங்கையை முகத்தில் வைத்து, அது தள்ளும் என்று காத்திருந்தான்.

தள்ளவில்லை. வைத்தது வைத்த இடத்தில் கிடந்தது. அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

மண் மூடி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீஸான் கட்டைகள் நட்டு, தண்ணீர் தெளித்த பிறகு பள்ளிவாசலில் ஓதுகிற அப்துல் ஸமட் லெப்பை தலைமாட்டில் போய் அமர்ந்தார். தல்கீன் ஓதுவதற்கு. கபுறில் மலக்குகளான வானவர் இருவர் வந்து உன்னைப் படைத்த றப்பு யார் என்று கேட்பார்கள், இன்னதைச் சொல் என்று மையித்துக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது. ஊரில் தலைமுறையாக நடக்கிற காரியம்.

“லெப்பை, தேவையில்ல,” என்றார் காலிதீன்.

“என்ன மகன் தேவையில்ல?”

“தல்கீன் தேவையில்ல. நபி காட்டின சுன்னத்தில இல்லாத வேல. துஆக் கேட்டுட்டுப் போவம்.”

“உங்கட வாப்பாக்கும் நான்தான் ஓதின. அவர் ஒண்டும் வேணாமெண்டு சொல்லல்ல.”

யாரோ சிரித்தார்கள். காலிதீன் சிரிக்கவில்லை. கோபப்படவுமில்லை. தாழ்ந்த குரலில் சொன்னார். “லெப்பை, உங்கள அவமதிக்கிறதுக்குச் சொல்லல்ல. என்ட தம்பி கலிமாவச் சொல்லிட்டுப் போனவன். அவனுக்குப் போய் நாம பாடம் சொல்லிக் குடுக்கிறதா? தெரியாத ஆளுக்கெல்லோ சொல்லிக் குடுக்கணும்.”

லெப்பை தாடியைத் தடவினார். “பக்கத்தில நிண்டது ஆரு?”

எல்லாரும் ஜவுபரைப் பார்த்தார்கள்.

“சொல்லுங்க தம்பி. கலிமாக்குப் பிறகு வேற ஒண்டும் கதைச்சாரா? கதைச்சிருந்தா நான் ஓதித்தான் ஆகணும். ஆரு என்ன சொன்னாலும் எழும்ப மாட்டன். கதைக்கல்லயெண்டா உங்கட இஷ்டம்.”

கடல் அருகில்தான் இருந்தது. அலை ஒன்று வந்து போனது. ஓம் என்று ஒரு சொல் போதும். லெப்பை ஓதுவார். மச்சானுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிடும். ஆனால் இந்தக் கூட்டத்தில் இருக்கிற வாய்கள் பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்கு முன்னால் மூன்றாம் மாடிக்கு ஏறிவிடும். ராத்தா பாயில் இருக்கிறாள். விதவைக்குரிய இத்தாக் காலம் முடியும்வரை அந்த வீட்டிலேயே, அந்த யன்னலுக்குப் பக்கத்திலேயே இருக்கப் போகிறாள். என்ன சொல்லிப் போனார் என்று கேட்பாள். அதையும் சொல்ல வேண்டிவரும். ஆர் கதைக்க வைத்தது என்றும் கேட்பாள்.

“கதைக்கல்ல,” என்றான்.

“ஒரு சொல்லும்?”

“இல்ல.”

லெப்பை அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு மணலில் கையை ஊன்றி எழும்பி, சாரத்தைத் தட்டினார். காலிதீன் துஆக் கேட்டார். எல்லாரும் ஆமீன் சொன்னார்கள். ஜவுபரும் சொன்னான். ஆட்கள் கைகொடுத்துவிட்டு, பட்டாசுச் சத்தத்தைப் பற்றியும், சாவடிகளை இனியாவது எடுப்பான்களா என்பதைப் பற்றியும் கதைத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்கள்.

ஜவுபர் செருப்பைத் தேடுகிற மாதிரிப் பின்தங்கினான். பிறகு திரும்பி வந்து தலைமாட்டில் குந்தினான். தல்கீன் அவனுக்குப் பாடமில்லை. அது நீளமான அறபு. லெப்பை ஓதும்போது நடுவில் வருகிற இரண்டொரு சொல் மட்டுமே ஞாபகத்தில் இருந்தது. ஈர மணலில் கையை வைத்து, வாயைக் கட்டைக்குக் கிட்டக் கொண்டுபோனான்.

“மச்சான்,” என்றான். “நான் ஜவுபர். கலிமாவச் சொல்லுங்க.”

அவன் முதலில் சொன்னான். மெல்ல, ஒவ்வோர் எழுத்தாக, காலையில் ராத்தா சொன்னதுபோல. சொல்லி நிறுத்தினான். தலையைச் சாய்த்துக் காதை மணலோடு சேர்த்தான். காற்று விழுந்துவிட்டிருந்தது.

“டேய் ஜவுபர்!” வாசலில் நின்று காலிதீன் கூப்பிட்டார். “வாறயா இல்லயா?”

ஜவுபர் தலையை எடுக்கவில்லை. கையை மட்டும் பின்னால் உயர்த்தி, சத்தம் போடவேண்டாம் என்று காட்டினான்.